பலூன் ஏன் மேலே போகிறது? தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால், பலூன், ஆகாயக் கப்பல் (எஞ்சின் வைத்து ஓட்டும் மாபெரும் வாயு பலூன்) பற்றி நம் பக்கத்துக்காரர்கள் கேட்டவற்றை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் ஓரிரண்டு பதில்கள் நீண்டுவிட்டன.

பாலக்கோடு, ஒன்பதாம் வகுப்பு மாணவி: சார், மாங்கனி கண்காட்சியில் வாங்கின கேஸ் பலூன் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. வாயால் ஊதினது தரையிலேயே கிடக்கிறது. ஏன்?

கேஸுக்குத் தானாக மேலே போகும் சக்தி எதுவும் கிடையாது பாப்பா. சுற்றியிருக்கும் காற்றுதான் அதைத் தள்ளுகிறது. காலிக் குடத்தைக் கிணற்றுத் தண்ணீரில் அமுக்கினால் கையை மேலே தள்ளுமே, அதே கதைதான். ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. அந்த இடத்தில் ஹீலியம் இருந்தால் சுமார் 170 கிராம், ஹைட்ரஜன் இருந்தால் சுமார் 85 கிராம். மிச்சமாகும் ஒரு கிலோவும் சொச்சமும்தான் தூக்கும் விசை. நீ ஊதி அடைத்தது கிட்டத்தட்ட வெளியில் இருக்கும் அதே காற்று. ரப்பரின் எடையும் சேர்வதால் பலூன் கீழே வந்துவிடுகிறது.

அரூர், ஒரு தாய்: திருவிழாவில் விற்கும் கேஸ் பலூனால் ஆபத்து உண்டா ஐயா?

உண்டு அம்மா. ஹீலியம் விலை அதிகம் என்பதால் பல இடங்களில் எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜனைத்தான் அடைக்கிறார்கள். பழைய சிலிண்டருக்குள் காஸ்டிக் சோடாவும் தண்ணீரும் ஊற்றி அலுமினியத் துண்டுகளைப் போட்டால் ஹைட்ரஜன் வரும். கூடவே கடும் சூடும் கிளம்பும். துருப்பிடித்த சிலிண்டர் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வெடிக்கும். பலூனை விட அந்த சிலிண்டர்தான் பெரிய ஆபத்து. பிள்ளைகளை அதன் பக்கத்தில் நிற்கவே விடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பலூனை விளக்கு, அடுப்பு, ஊதுவத்தி பக்கம் கொண்டுபோகக் கூடாது.

பென்னாகரம்: முதன்முதலில் பறந்தது யார்?

ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். 1783 செப்டம்பர் 19-ல், பிரான்ஸில் வெர்சாய் அரண்மனை முன்னால், மோங்கோல்ஃபியே சகோதரர்களின் சூடான காற்று பலூனில். மனிதர்களில் முதலில், அதே வருஷம் நவம்பர் 21-ல் பிலாத்ர் த ரோசியே என்பவர் இன்னொருவரோடு பாரிஸ் மேலே சுமார் 25 நிமிடம் பறந்தார். பத்து நாளில் ழாக் சார்ல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஹைட்ரஜன் பலூனில் ஏறிவிட்டார். அவர் முன்பு ஆளில்லாமல் விட்ட பலூன் கொனெஸ் கிராமத்தில் இறங்கியபோது, ஊர்க்காரர்கள் ஏதோ பூதம் என்று பயந்து கவைக்கோலால் குத்திக் கிழித்துவிட்டார்கள்.

ஓசூர்: பொள்ளாச்சி பலூன் திருவிழாவில் காலையிலேயே பறக்கவிடுகிறார்கள். வெயில் ஏறினால் ஏன் கூடாது? அதை எப்படித் திருப்புகிறார்கள்?

நல்ல கேள்வி தம்பி. முதலில் பலூனைத் தரையில் படுக்கப்போட்டு, பெரிய மின்விசிறியால் சாதாரண காற்றை நிரப்புவார்கள். அப்புறம் பர்னரைத் திறந்தால், நீளமான தீ நாக்கு இரைச்சலோடு பலூனின் வாய்க்குள் பாயும். துணி மெதுவாக நிமிர்ந்து எழுந்து நிற்கும்.

2,200 கன மீட்டர் பலூன் என்று வையுங்கள். உள்ளே 100 டிகிரி, வெளியே 20 டிகிரி என்றால், கடல்மட்டக் கணக்கில் சுமார் 570 கிலோ தூக்கும். வெளியே 30 டிகிரி ஆனால் 480 கிலோதான். பலூன் துணி, கூடை, சிலிண்டர், ஆட்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வெயில் ஏறினால் தரையிலிருந்து சூடான காற்று குமுறி எழுந்து பலூனைத் தூக்கியடிக்கும் என்பது இன்னொரு காரணம்.

திருப்புவதற்குச் சுக்கான் கிடையாது. உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறும். போக வேண்டிய பக்கம் அடிக்கும் காற்று எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே ஏறுவார்கள், அல்லது இறங்குவார்கள். இறங்க, உச்சியில் இருக்கும் மூடியைக் கயிற்றால் இழுத்துச் சூட்டை வெளியே விட வேண்டும்.

கிருஷ்ணகிரி: ஹிண்டன்பர்க்கில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜனை ஏன் நிரப்பினார்கள்?

ஹிண்டன்பர்க் என்பது 1937-ல் எரிந்துபோன ஜெர்மனியின் ஆகாயக் கப்பல். 245 மீட்டர் நீளம், 2 லட்சம் கன மீட்டர் வாயு. ஹீலியத்துக்காகத்தான் அதை வடிவமைத்தார்கள். அன்று ஹீலியம் அமெரிக்காவின் இயற்கை எரிவாயுக் கிணறுகளில்தான் போதிய அளவு கிடைத்தது, ஏற்றுமதியை அமெரிக்கச் சட்டம் தடுத்தது. ஹைட்ரஜனைவிட ஹீலியம் இரண்டு மடங்கு கனம் என்றாலும் தூக்கும் விசையில் குறைவது 8 சதவீதம்தான். அந்த ஒரு மாற்றம் அத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குள் புகைபிடிக்க ஓர் அறையும் இருந்தது. கசியும் ஹைட்ரஜன் உள்ளே நுழையாதபடி அந்த அறையில் மட்டும் காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். அவ்வளவு யோசித்தும், 1937 மே 6-ல் நியூஜெர்சியில் லேக்ஹர்ஸ்டில் இறங்கும்போது வால் பக்கம் தீப்பிடித்தது, அரை நிமிடத்துக்குச் சற்று மேல் எல்லாம் முடிந்துபோனது. கசிந்த ஹைட்ரஜனில் நிலைமின் பொறி பட்டது என்பதே பலரும் ஏற்கும் காரணம். உள்ளே இருந்த 97 பேரில் 62 பேர் உயிர் பிழைத்தார்கள். தரையில் நின்ற ஒருவரும் இறந்தார்.

அதைவிட என்னை வாட்டுவது ஆர்101. பிரிட்டனிலிருந்து கராச்சிக்குக் கிளம்பிய ஆகாயக் கப்பல் அது. கராச்சியில் அதற்கென்று பெரிய கொட்டகையே கட்டி வைத்திருந்தார்கள். 1930 அக்டோபர் 5-ல், மழையும் காற்றுமான இரவில், பிரான்ஸின் போவே அருகே விழுந்து 54 பேரில் 48 பேர் போய்விட்டார்கள்.

ஊத்தங்கரை: எங்கள் காட்டில் கிழிந்த வெள்ளை ரப்பரும் நூலில் கட்டிய சின்ன டப்பாவும் விழுந்து கிடந்தன. தொடலாமா அண்ணா?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வானிலை பலூனாக இருக்கும். சென்னை, பெங்களூரு போன்ற இடங்களில் இதை ஏற்றுகிறார்கள். வெப்பம், ஈரப்பதம், காற்று விவரங்களை டப்பா ரேடியோவில் அனுப்பிக்கொண்டே போகும். உயரே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் பலூன் பெருத்துக்கொண்டே வந்து, 30 கிலோமீட்டர் வாக்கில் வெடித்துவிடும். டப்பா எங்கே விழும் என்பது காற்றின் கையில். முதலில் தள்ளி நின்று லேபிளைப் படியுங்கள். வானிலைத் துறை என்று எழுதியிருந்தால் பயமில்லை. லேபிளே இல்லையென்றால் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். ரப்பர் துண்டை ஆடு, மாடு மென்றுவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.