போலந்தில் 5, 8, 3: கட்சிகளைத் தீர்மானித்த சதவீதங்கள் (கேள்வி பதில்)

கேள்வி: 1991 தேர்தலில் போலந்தில் 29 கட்சிகள் நாடாளுமன்றத்துக்குள் வந்தது எப்படி? பீர் பிரியர்கள் கட்சிகூட ஜெயித்ததாமே?

பதில்: ஆமாம், 16 இடம்! கீழவையான சேய்மில் 460 இடங்கள். விகிதாசார முறை (ஓட்டு விகிதத்துக்கேற்ப இடம்); ஆனால் மாவட்டப் பட்டியல்களுக்குக் குறைந்தபட்ச வாக்கு வரம்பே கிடையாது. கட்சி பதிய 15 கையெழுத்து போதும் (1997 சட்டத்தில் அது 1,000 ஆனது). முதலிடம் பிடித்த கட்சிக்கே 12 சதவீதச் சொச்சம், 62 இடம்தான்.

கேள்வி: இரண்டே வருடத்தில் பழைய கம்யூனிஸ்டுகள் திரும்பினார்களே, மக்கள் மனம் மாறிவிட்டதா?

பதில்: மனதைவிடக் கணக்கு மாறியதுதான் பெரிது. 1993 சட்டம் கட்சிக்கு 5, கூட்டணிக்கு 8 சதவீதம் என்று வரம்பு வைத்தது; அதற்குக் கீழே வாங்கினால் இடமில்லை. வலதுசாரிகள் அப்போதும் துண்டு துண்டாகவே நின்றார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வீண். பழைய கம்யூனிஸ்டுகளின் இடதுசாரிக் கூட்டணி 20.4, விவசாயிகள் கட்சி 15.4 சதவீதம், சேர்த்தால் 36 கூட இல்லை, இடங்களோ 303. பிரதமர் சுகோட்ஸ்காவின் அரசை ஒரே ஓட்டில் கவிழ்த்து இந்தத் தேர்தலை வரவழைத்தது, கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்துப் போராடிய சொலிடாரிட்டி தொழிற்சங்கம். அது வாங்கியது 4.9 சதவீதம். சேய்மில் ஓர் இடமும் இல்லை.

கேள்வி: பழைய கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததும் ஜனநாயகம் ஆட்டம் காணவில்லையா?

பதில்: இல்லை. 1997இல் சொலிடாரிட்டியைச் சுற்றிச் சேர்ந்த வலதுசாரி அணியிடம் தோற்றார்கள், ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

கேள்வி: சின்னக் கட்சிகள் சேர்ந்து நின்றால் கூட்டணியாகப் பதிவது நல்லதா?

பதில்: 8 நிச்சயம் என்றால் மட்டும். 2001இல் ஆளும் சொலிடாரிட்டி அணி கூட்டணியாகப் பதிந்து, 5.6 சதவீதத்தோடு வெளியே நின்றது. தனிக்கட்சியாகப் பதிந்திருந்தால் உள்ளே. பாடம் படித்திருக்க வேண்டாமா? 2015இல் இடதுசாரிகள் அதையே செய்து 7.55இல் விழுந்தார்கள். ‘சட்டமும் நீதியும்’ என்ற வலதுசாரிக் கட்சியோ கூட்டாளிகளைத் தன் பட்டியலிலேயே ஏற்றிக்கொண்டது. அப்படிச் செய்தால் வரம்பு 5தான். அந்த முறை சுமார் 16 சதவீத ஓட்டு வீணானது. மிஞ்சியதில் அந்தக் கட்சியின் 37.6 சதவீதம் ஏறக்குறைய 45க்குச் சமம். 41 தொகுதிகளில் தனித்தனியாக, பெரிய கட்சிக்குச் சாதகமான டி ஹாண்ட் முறையில் பங்கிட்டதில் 235 இடம். பெரும்பான்மைக்கு 231 போதும்.

கேள்வி: இடமே கிடைக்காத கட்சி எப்படிப் பிழைக்கிறது?

பதில்: 3 சதவீதம் தாண்டினால் (கூட்டணிக்கு 6) அடுத்த தேர்தல் வரை அரசு மானியம் உண்டு. 2015இல் ரசெம் கட்சி 3.62 வாங்கியது, சேய்மில் ஆளில்லை, ஆனால் அலுவலக வாடகைக்குப் பணம் இருந்தது.