புது ரவுட்டருடன் சேராத பழைய பிரிண்டர்

கேள்வி: ஃபைபர் இணைப்புக்கு மாறியதில் புது ரவுட்டர் வந்தது. செல்போன், டி.வி. எல்லாம் இணைந்துவிட்டன. நான்கு வருடமாக நன்றாக ஓடிய வைஃபை பிரிண்டர் மட்டும் இணைய மறுக்கிறது. சில நேரம் எங்கள் வைஃபை பெயரே பட்டியலில் வருவதில்லை. வந்தாலும், சரியான பாஸ்வேர்டைத் தவறு என்கிறது. பிரிண்டர் பழுதா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு, சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். விலை குறைந்த வீட்டு பிரிண்டர்களில் பல, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். இப்போதைய ரவுட்டர்களோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் தருகின்றன. செல்போன் எதையும் பிடித்துக்கொள்ளும், பிரிண்டர்தான் திணறும்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 192.168.1.1 போன்ற முகவரியும், உள்ளே நுழைவதற்கான பாஸ்வேர்டும் இருக்கும். பிரவுசரில் அந்த முகவரியைத் திறந்து, வயர்லெஸ் பகுதியில் 'பேண்ட் ஸ்டியரிங்' அல்லது 'ஸ்மார்ட் கனெக்ட்' என்று இருப்பதை (இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் சேர்த்துவைக்கும் வசதி இது) அணைத்துவிடுங்கள். பிறகு 2.4-க்குத் தனிப் பெயர் வையுங்கள். பழைய ரவுட்டரில் இருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் அப்படியே கொடுத்தால், பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டதும் பெரும்பாலும் தானாகவே இணைந்துவிடும்.

பாஸ்வேர்டு தவறு என்பதற்குக் காரணம் பெரும்பாலும் டபிள்யூபிஏ3. பழைய பிரிண்டர்களுக்கு இந்தப் பாதுகாப்பு முறை தெரியாது. 2.4-க்கு மட்டும் 'டபிள்யூபிஏ2-பிஎஸ்கே, ஏஇஎஸ்' என்று மாற்றுங்கள். பழையது வேலை செய்கிறது என்பதற்காக டபிள்யூஇபி என்ற மிகப் பழைய முறை வரை இறங்கிவிடாதீர்கள், அது பாதுகாப்பே அல்ல. சேனலை (அலைவரிசைக்குள் உள்ள உட்பிரிவு) 'ஆட்டோ'வில் விடாமல் 1, 6, 11-ல் ஒன்றை வையுங்கள். ரவுட்டர் 12 அல்லது 13-க்குத் தாவினால், சில பிரிண்டர்களுக்கு வைஃபை பெயரே தெரியாது.

இதற்குப் பிறகும் அடம்பிடித்தால், பிரிண்டரில் நெட்வொர்க் செட்டிங்கை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். அப்போது செல்போனும் அதே 2.4 வைஃபையில் இருக்கட்டும். மொபைல் டேட்டா, விபிஎன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். 'கெஸ்ட்' வைஃபையில் இணைக்கவே வேண்டாம். அதில் ஒரு கருவியை இன்னொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுத்து வைத்திருக்கும்.

கேள்வி: இணைந்துதான் இருக்கிறது. ஆனால் கரண்ட் போய் வந்தால் லேப்டாப்பில் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறதே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ரவுட்டர் மறுபடி உயிர் பெறும்போது பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் கருவியைக் கண்டுபிடிக்க உதவும் எண்) கொடுத்திருக்கும். லேப்டாப் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். பிரிண்டரிலிருந்து நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால், ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். ரவுட்டர் முழுதாகக் கிளம்பிய பிறகு பிரிண்டரை அணைத்துப் போடுங்கள்.

முகவரி மட்டும் மாறியிருந்தால், அதே தாளில் உள்ள மேக் முகவரியை (கருவிக்கே உரிய அடையாள எண்) குறித்துக்கொண்டு, ரவுட்டரில் ஐபி முகவரிகளை ஒதுக்கும் டிஹெச்சிபி பகுதியில் 'ரிசர்வேஷன்' போட்டு ஒரு ஐபி-யை நிரந்தரமாக ஒதுக்குங்கள். பின்பு வின்டோஸில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ், ஆட் போர்ட் என்று போய், 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி'யைத் தேர்ந்தெடுத்து அந்த ஐபி-யைக் கொடுங்கள். அங்கே வின்டோஸ் தானாக அமைத்த 'டபிள்யூஎஸ்டி' போர்ட்டில் டிக் இருந்தால், அதை எடுத்துவிட்டுப் புதிய போர்ட்டில் டிக் போடுங்கள்.