டைமிங் பெல்ட்டை நாமே மாற்றலாமா?

கேள்வி: நான் ஓட்டும் பெட்ரோல் கார் பழையதாக வாங்கியது. இதுவரை 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட் எப்போதாவது மாற்றப்பட்டதா என்பதற்கு முந்தைய உரிமையாளரிடம் எந்தக் குறிப்பும் இல்லை. ஒர்க் ஷாப்பில் விசாரித்தபோது பெல்ட்டின் விலையைவிடப் பல மடங்கு கூலி கேட்டதோடு, ஒழுகாமல் இருக்கும் வாட்டர் பம்பையும் மாற்றச் சொல்கிறார்கள். ஆயில், பிரேக் பேட் போன்றவற்றை நானே மாற்றிப் பழகியவன். ஒரு ரப்பர் பட்டைக்கு இவ்வளவு கூலியா? இதையும் நானே செய்துவிடலாமா?

பதில்: முதலில், குறிப்பு இல்லாத பெல்ட்டை மாற்றப்படாத பெல்ட் என்றே கொள்ளுங்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இனித் தள்ளிப்போட வேண்டாம்.

கூலியில் பெரும்பகுதி பெல்ட்டைச் சென்றடைவதற்கே ஆகிறது. எஞ்சின் குறுக்குவாட்டில் அமைந்த கார்களில் பொதுவாக முன்சக்கரம் ஒன்றைக் கழற்றி, ஆல்டர்னேட்டரை ஓட்டும் வெளிப்பெல்ட்டை எடுத்து, எஞ்சினுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, அந்தப் பக்கத்தில் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டை விடுவித்து, மிக இறுக்கமாக முடுக்கப்பட்டிருக்கும் கிராங்க் புல்லி போல்ட்டையும் கழற்றிய பிறகுதான் பெல்ட் கண்ணுக்கே தெரியும். வாட்டர் பம்ப்பைப் பற்றி ஒர்க் ஷாப்பில் சொன்னதைச் சந்தேகிக்க வேண்டாம். உங்கள் எஞ்சினில் அந்தப் பம்ப்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட்தான் என்றால், அது ஓராண்டு கழித்து ஒழுகும்போது இதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும். பம்ப்பை வெளிப்பெல்ட் சுழற்றுகிறது என்றால் அந்த வாதம் பொருந்தாது. இதை அவர்களிடமே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரையும் அதை வழிநடத்தும் ஐட்லர் புல்லியையும் மட்டும் எந்த நிலையிலும் விட்டுவிடக் கூடாது. புதிய பெல்ட் போட்டும் பழைய டென்ஷனரின் பேரிங் உடைந்தால் விளைவு பெல்ட் அறுந்ததற்குச் சமம்.

அந்த விளைவு என்ன என்பதை வைத்துத்தான் உங்கள் கேள்விக்கு விடை சொல்ல முடியும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இந்த ஒழுங்கைக் காப்பதே பெல்ட்டின் வேலை. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகையில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பல எஞ்சின்களில், அநேகமாக எல்லா டீசல் எஞ்சின்களிலும், திறந்த வால்வு இறங்கி நிற்கும் இடத்துக்கே பிஸ்டனும் மேலேறி வரும் என்பதால், ஒழுங்கு தவறினால் இரண்டும் மோதி வால்வுகள் வளைந்துவிடும். கிராங்கின் பல்சக்கரத்தில் 20 பற்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டாலே 18 பாகை பிசகிவிடுகிறது. ஒரு பல் பிசகில் எஞ்சின் சீரற்று ஓடுவதோடு தப்பலாம். மேலும் சில பற்கள் பிசகினால் சாவியைத் திருப்பிய கணத்திலேயே சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டிய செலவு வந்துவிடும். பிரேக் பேடைத் தவறாக மாட்டினால் பெரும்பாலும் சத்தம் காட்டிக்கொடுக்கும், திருத்திக்கொள்ளலாம். இங்கே அந்த இரண்டாம் வாய்ப்புப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஆகவே உங்கள் எஞ்சினுக்கே உரிய சர்வீஸ் கையேடு, போல்ட்டை அளவான விசையில் முடுக்கும் டார்க் ரெஞ்ச், ஷாஃப்ட்டுகளைச் சரியான நிலையில் நிறுத்திவைக்க அந்த எஞ்சினுக்கான லாக்கிங் கருவிகள், உறுதியான ஜாக் ஸ்டாண்டுகள், அவசரமில்லாத இரண்டு நாட்கள் ஆகிய அனைத்தும் உங்களிடம் இருந்தால் செய்யலாம் என்பேன். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஒர்க் ஷாப்பிடம் விடுவதே சிக்கனம். இந்த ஒரு வேலைக்காகக் கருவிகளையெல்லாம் விலைக்கு வாங்கினால் மிச்சமாகும் கூலியில் பாதி அதற்கே போய்விடக்கூடும்.

செய்வதென்று முடிவெடுத்தால், சொந்தமாக முயல்பவர்கள் வழுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே தொடங்குங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கிராங்க் போல்ட்டைத் தளர்த்த ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பயன்படுத்தும் குறுக்கு வழி கையையும் எஞ்சினையும் ஒருசேரக் கெடுக்கும். லாக்கிங் பின்கள் நிலையைக் காட்டுவதற்கானவை; போல்ட்டை முடுக்கும் விசையை அவற்றின் மீது ஏற்றினால் வளைந்துவிடும். புதிய பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ உட்புறம் வெளியே வரத் திருப்பவோ கூடாது, ஏனெனில் உள்ளே ஓடும் கண்ணாடி இழைகள் முறிந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கையேடு புதிய போல்ட்டைக் கேட்கும் இடத்தில் பழையதைத் திரும்ப மாட்டாதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடைசிச் சோதனை. பெல்ட்டை மாட்டி டென்ஷனரைச் சரிசெய்ததும், லாக்கிங் பின்களை எடுத்துவிட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையிலேயே கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, பல்சக்கரங்களின் நிலையைக் காட்டும் எல்லாக் குறிகளும் மீண்டும் நேர்கோட்டில் வருகின்றனவா என்று பாருங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் கை இலகுவாகப் போகும். எங்கேனும் தட்டுப்பட்டால் உடனே உணரலாம். தட்டுப்பட்டால் விசை கொடுக்காமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். என் அனுபவத்தில், களைப்பில் மாலை நேரத்தில் தவிர்க்கப்படும் படி இதுதான்.

ஒர்க் ஷாப்பிடம் விடுவதானால், மாற்றிய பாகங்களின் எண்களையும் கிலோமீட்டர் கணக்கையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள், வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதை எழுத்தில் பெறுங்கள்.

கேள்வி: என் காரின் பெல்ட் மூடியை விலக்கிப் பார்த்தேன். பெல்ட்டில் ஒரு விரிசல்கூட இல்லை. கிலோமீட்டர் குறைவு, ஆனால் ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் ஓட்டலாமா?

பதில்: விரிசலை நம்பிய காலம் பழைய ரப்பரோடு போய்விட்டது. இக்காலப் பெல்ட்டுகள் அறுபடும் நாள்வரை பார்வைக்கு நன்றாகவே இருக்கக்கூடும். உற்பத்தியாளர் கிலோமீட்டருக்கும் ஆண்டுக்கும் தனித்தனி வரம்பு தந்திருந்தால் எது முன்னால் வருகிறதோ அதுவே கணக்கு. காலவரம்பு கடந்துவிட்டதா என்று உங்கள் காரின் கையேட்டில் பாருங்கள். பெல்ட்டின் மேல் எண்ணெய்ப் பசை தெரிந்தால் வரம்பைப் பார்க்கவே வேண்டாம்: கசியும் ஆயில் சீலையும் சேர்த்து இப்போதே மாற்றுங்கள்.