அரிசிக் கணக்கில் சுக்கிரன்

கேள்வி: சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று 64 கட்டத்துக்கும் இரட்டித்துக்கொண்டே போனால் மொத்தம் 18446744073709551615 அரிசி. இலக்கங்களைக் கூட்டினால் 87. அதைக் கூட்டினால் 15. அதையும் கூட்டினால் 6. ஆறு சுக்கிரனின் எண்! இந்த மகிமையைக் கணிதப் புத்தகங்கள் மறைப்பது ஏன்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: யாரும் மறைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்த 6, அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி. ஒன்பது எண்களுக்கு ஒன்று வீதம் ஆறில்தான் போய் நிற்கும். அடுத்த மாதக் கரண்ட் பில் தொகையும் ஆறில் நின்றால் சுக்கிரனுக்கு விளக்கேற்றுவீர்களா?

இன்னொன்று, இந்தக் கூட்டல் நாம் பத்துப் பத்தாக எண்ணும் பழக்கத்தால் வருவது. கம்ப்யூட்டருக்கு இதே எண் வரிசையாக 64 ஒன்றுகள். கூட்டினால் 64, ஆறும் நாலும் பத்து, பத்து என்றால் ஒன்று. சுக்கிரன் போய்ச் சூரியன் வந்துவிட்டார். அரிசியில் ஒரு மணிகூடக் குறையவில்லை.

கூட்டியதற்குப் பதில் வகுத்துப் பார்த்திருந்தால் விஷயம் கிடைத்திருக்கும். கடைசி இலக்கம் 5, கூட்டுத்தொகை 87. ஆகவே 5ம் 3ம் வகுக்கும் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். மீதிக்குப் பள்ளியில் படித்த, இரண்டு வர்க்கங்களின் வித்தியாசச் சூத்திரம் போதும். உங்கள் எண் 4294967296இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு, ஆகவே 4294967295, 4294967297 என்று இரண்டாக உடையும். முதலாவதை அதே சூத்திரத்தால் உடைத்துக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்துப் பாருங்கள்: 2, 4, 16, 256, 65536. முந்தையதன் வர்க்கம் அடுத்தது.

இந்த வரிசையில் எல்லாமே பகா எண்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பினார். பிரான்சில் துலூஸ் நீதிமன்றத்தில் உத்தியோகம், கணிதம் பொழுதுபோக்கு. அவர் நம்பிக்கைப்படி அடுத்த எண்ணான 4294967297ம் பகா எண்ணாக இருக்கவேண்டும். 1732இல் கணித மேதை ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417. அதை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64இன் மடங்கோடு ஒன்று கூடியதாகவே இருக்கும் என்று பின்னர் நிறுவியவரும் அவரே. அந்தச் சல்லடையைப் பிடித்துக்கொண்டால் உங்கள் வேலை அரை மணி நேரம்தான். 193 வகுக்காது, 257, 449, 577ம் வகுக்காது. ஐந்தாவதாக வருவது 641. பேப்பரும் பேனாவும் எடுத்து ஒருமுறை வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் போவதைப் பார்க்க ஒரு சுகம் இருக்கிறது.

ஆக 3, 5, 17, 257, 641, 65537, 6700417 இவற்றைப் பெருக்கினால் உங்கள் அரிசி அத்தனையும் வந்துவிடும். ஃபெர்மாவின் வரிசையில் 65537க்கு அப்புறம் இன்னொரு பகா எண் இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை.

மொத்தம் ஏழு காரணிகள். ஏழு கேதுவின் எண்ணாயிற்றே என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள்.