முழங்காலில் தொங்கும் பேஸ் கிட்டார்

கேள்வி: ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் என்ற இங்கிலாந்து ராக் குழுக்களில் வாசித்த பீட்டர் ஹூக் மாதிரி ஸ்ட்ராப்பை (தோளில் மாட்டும் பட்டை) இறக்கி, காலை அகட்டி நின்று பேஸ் வாசித்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் இடது மணிக்கட்டு வலிக்கிறது. அவருக்கு மட்டும் எப்படி முடிகிறது?
(வாசகர், கோவை)

பதில்: அவருடைய இடது கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 12-ஆம் ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஒட்டியும் அதற்கு மேலும்தான். கிட்டார் எவ்வளவு தாழ்ந்தாலும் அந்த இடம் உடம்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். கை நேராகத் தொங்கும், மணிக்கட்டு மடங்காது. நீங்கள் முதல் நான்கு ஃப்ரெட்டுகளில் வாசித்திருப்பீர்கள். 34 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்) கொண்ட பேஸில் முதல் ஃப்ரெட்டின் இடைவெளி சுமார் 1.9 அங்குலம், 13-ஆவதில் அது சரிபாதி. அவ்வளவு விரிக்கும்போது மணிக்கட்டும் மடங்கினால் வலிக்காமல் என்ன செய்யும்?

தொங்கவிடும் பாணியை அவர் தி கிளாஷ் குழுவின் பால் சிமனனைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போனது வேறு காரணத்தால். ஆரம்ப நாட்களில் அவருடைய ஸ்பீக்கர் மட்டமானது; கீழ்ச் சுரங்கள் அவர் காதிலேயே விழவில்லை. பாடகர் இயன் கர்ட்டிஸுக்கும் அந்த உயர்ந்த ஒலி பிடித்துப்போனது. இரண்டும் சேர்ந்ததுதான் அந்தத் தோற்றம். வாசிப்பை விட்டுவிட்டு நிற்பதை மட்டும் எடுத்தால் கை தாங்காது.

செய்தே பார்க்க வேண்டுமென்றால், ஸ்ட்ராப்பை வாரத்துக்கு ஓர் அங்குலம் மட்டும் இறக்குங்கள். கிட்டாரின் கழுத்துப் பகுதியை 45 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள்; கிடையாக வைத்தால் மணிக்கட்டு உடனே மடங்கும். விரலை விட பிக் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) வசதி, வலது கை நீட்டியபடியே அடிக்கலாம். மிக மெல்லிய ஜி தந்தியில் மெட்டை வாசித்துக்கொண்டே, பக்கத்தில் விரல் வைக்காத டி தந்தியையும் சேர்த்து அடியுங்கள். அந்த முழக்கத்துக்குக் கோரஸ் பெடல் (ஒரே ஒலியைப் பல கருவிகள் வாசிப்பது போலாக்கும் மின்கருவி) அழகு சேர்க்கும்.

முதல் சில ஃப்ரெட்டுகள் வரும் பாட்டு என்றால் தயங்காமல் கிட்டாரை உயர்த்திக்கொள்ளுங்கள். உட்கார்ந்து வாசிக்கும்போது இருக்கும் உயரமே நிற்கும்போதும் இருந்தால் போதும். பேஸ் 4 கிலோ அளவுக்கு இருக்கும். 3 அங்குல அகல ஸ்ட்ராப் தோளைக் காக்கும். ஸ்ட்ராப்பைக் கிட்டாரின் பட்டனோடு பூட்டும் ஸ்ட்ராப் லாக்கும் போடுங்கள். ஸ்ட்ராப்பின் தோல் ஓட்டை தளர்ந்துபோனால், குனியும்போது பட்டனிலிருந்து கழன்று கிட்டார் தரையில் விழும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் அன்றைக்கு வாசிப்பை நிறுத்துங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதன் அடையாளம் அது. மறுநாளும் மரத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.