கலைஞர்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து செய்யும் ஆய்வுக்கு நிதி ஒதுக்குவது வீண் செலவா?

அறிவியலுக்கே பணம் போதாத நிலையில் கலைஞர்களையும் ஆய்வகத்துக்குள் அழைத்து அவர்களுக்கும் நிதி தர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தர வேண்டும் என்பதே என் பதில். ஆனால், முடிந்துபோன ஓர் ஆய்வுக்கு அழகாக விளம்பரம் செய்துதரக் கலைஞரை அமர்த்துவது வேறு, விடை தெரியாத ஒரு கேள்வியை இருவரும் சேர்ந்து துருவிப் பார்க்கப் பணம் தருவது வேறு. நான் ஆதரிப்பது இரண்டாவதை.

பிரிட்டனில் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பெருமளவில் நிதி வழங்கும் வெல்கம் அறக்கட்டளை, 1996இல் 'சைஆர்ட்' என்ற திட்டத்தைத் தொடங்கி, 2006 வரை 118 கூட்டுப் பணிகளுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டு வழங்கியது. சராசரியாக ஒரு பணிக்குச் சுமார் 25,000 பவுண்டுதான்; ஓர் உயிரியல் ஆய்வகம் நல்ல லேசர் நுண்ணோக்கி ஒன்றை வாங்குவதற்குக்கூட அந்தத் தொகை போதாது. ஆகவே, அறிவியலின் பங்கைக் கலை பிடுங்கிக்கொள்கிறது என்ற வாதம் என்னளவில் நிற்கவில்லை.

அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, ஹீதர் அக்ராய்ட், டான் ஹார்வி என்ற கலைஞர் இணை, வேல்ஸின் அபெரிஸ்ட்வித் நகருக்கு அருகிலிருந்த புல்வெளி ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்களோடு 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய பணி. இந்தக் கலைஞர்கள் புல்லையே ஒளிப்படத் தாளாகப் பயன்படுத்துபவர்கள். செங்குத்தான பரப்பில் களிமண் பூசி, புல் விதையைப் பதித்து, இருட்டறையில் அதன்மேல் ஒரு நெகட்டிவ் படத்தின் ஒளியை விழச் செய்வார்கள். ஒளி நன்றாகப் பட்ட நாற்றுகள் கரும்பச்சையாகவும் படாதவை வெளிர்மஞ்சளாகவும் வளர, ஒரு மனித முகம் புல்லில் தெளிந்து வரும். ஆனால் புல் காயத் தொடங்கியதும் பச்சையம் சிதைந்து, முகமும் அழிந்துவிடும். அபெரிஸ்ட்வித்திலோ, முதுமையடைந்தாலும் பச்சையம் சிதையாத ஒரு புல்வகையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த விதையைக் கொண்டு வளர்த்தபோது, புல் காய்ந்த பிறகும் படம் நெடுநாள் தங்கியது. கன்னத்தின் நிழல் மங்குகிறதா என்று கலைஞர் பார்ப்பதும், பச்சையம் சிதைகிறதா என்று தாவர உயிரியலாளர் பார்ப்பதும் அங்கே ஒரே கேள்வியாகிவிட்டன. அதே நிறுவனத்தினர் முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று, இந்தப் புல்லின் குணத்துக்குக் காரணமான மரபணுவும், மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் ஆராய்ந்த பட்டாணியின் விதை பச்சையா மஞ்சளா என்பதை முடிவுசெய்யும் மரபணுவும் ஒன்றுக்கொன்று இணையானவை என்று 2007இல் காட்டியது. அதற்குக் கலைஞர்கள் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தகைய கண்டுபிடிப்பைக் காட்டினால்தான் நிதி என்று கூட்டு ஆய்வுகளை அளக்கவும் கூடாது.

நிதியை எப்படித் தருவது என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் தடுமாறுகின்றன. நான் பார்த்த ஒரு விண்ணப்பப் படிவத்தில் கலைஞருக்கென இருந்தது பொருட்செலவுக் கட்டம் மட்டுமே. அவருடைய உழைப்புக்கு ஊதியம் எழுத இடமே இல்லை, கண்காட்சி நடக்கும் தேதியை மட்டும் முதலிலேயே கேட்டிருந்தார்கள். என்ன செய்யப்போகிறோம் என்பதே தெரியாத கட்டத்தில் தேதி கேட்டால், ஏற்கெனவே மனத்தில் முடிந்துவிட்ட வேலையைத்தான் எவரும் எழுதித் தருவார்கள். இருவரும் பேசிப் பழகவும், ஆய்வகத்தில் சில வாரங்கள் கூட இருந்து பார்க்கவும் முதலில் ஒரு சிறுதொகை தந்து, அதில் ஒரு கேள்வி உருவானால் அடுத்த கட்டத்துக்குப் பெரிய தொகை தருவதே சரியான முறை என்பது என் எண்ணம். அந்த முதல் கட்டத்தில் ஒன்றும் உருவாகாமல் பிரிந்து போகிறவர்களிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது. விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் இரு துறையினரும் சம அளவில் அமர வேண்டும். படைப்பு யாருக்குச் சொந்தம், ஆய்வுக் கட்டுரையில் யார் யார் பெயர் வரும், விற்றால் பணம் யாருக்கு என்பதையெல்லாம் முதல் தவணை கைக்கு வருமுன்பே இருவரையும் எழுதிக் கையெழுத்திடச் செய்வதும் நிதி தருபவரின் பொறுப்பே.