சிக்னலில் நின்றுபோகும் பழைய 125 சிசி பைக்

தம்பி, கொழும்பு காலி வீதியில் சிக்னலுக்குச் சிக்னல் பைக் ஆஃப் ஆகி நிற்கிறது, ஐடிலை, அதாவது எக்ஸிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, ஸ்குருவால் கூட்டினால் எக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இரைச்சல் இறங்க நேரமாகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் அந்த ஸ்குருவை இப்போதைக்கு விடுங்கள். பெரும்பாலும் எங்கேயோ காற்று களவாக உள்ளே போகிறது, இல்லாவிட்டால் காபரேட்டரில் ஐடிலுக்குப் பெற்றோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட் அடைபட்டிருக்கிறது. சூடான எஞ்சினில் காற்றைக் குறைக்கிற சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் ஓட்டம் சீரானால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். இரைச்சல் கூடினால் எக்ஸிலேட்டர் கேபிள்தான் இறுக்கம். இல்லையென்றால், காபரேட்டர் எஞ்சினோடு சேருமிடத்தில் சவர்க்காரத் தண்ணீர் கொஞ்சம் தெளியுங்கள். ஓட்டம் மாறினால் அங்கேயுள்ள ஓரிங் (ரப்பர் வளையம்) போய்விட்டது. உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், வாயால் அளவு சொன்னால் வீண் அலைச்சல்தான். ஜெட்டைக் கம்பியால் குத்த வேண்டாம், துளை பெருத்துவிடும். கிளீனரும் காற்றும் அடித்தால் போதும்.

அப்புறம்தான் டியூனிங். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, காபரேட்டர் பக்கவாட்டிலுள்ள, காற்று-பெற்றோல் கலவையைச் சரிசெய்கிற மிக்ஸர் ஸ்குருவை மெதுவாக முட்டும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். ஸ்டார்ட் செய்து, கால் கால் சுற்றாக இரு பக்கமும் திருகி, ஓட்டம் ஆகக் கூடுகிற இடத்தில் விடுங்கள். கடைசியில் ஐடில் ஸ்குருவால் 1400 ஆர்பிஎம் அளவுக்கு இறக்குங்கள். மீட்டர் இல்லாவிட்டால் காதுதான்.